தென்னங்குழிப் பீங்கான்

டொறத்தி பழைய பானை ஓட்டுத்துண்டைக் கழுவியதும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார். நாக்கோடு ஒட்டிக்கொண்டால் அது சரியாக வேகாத மண். வழுக்கினால் நன்றாக வெந்தது, அல்லது மெருகு பூசியது. பிறகு பழைய பல் பிறஸ்ஸால் விளிம்பைத் தேய்த்து, வெயிலில் விரித்த உரச்சாக்கின் மேல் வைக்கிறார். “இது சீனாக்காரன்ட. இது அரபிக் கப்பல்ல வந்த சாடி. இது நம்மட ஆக்கள் சோறாக்கின சட்டி.” எதையும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

ஐம்பத்து மூன்று வயது. வீடு கற்பிட்டிக் கரையோரம். கணவர் பஸ்தியான் கரைவலை இழுப்பவர். போர் முடிந்த மறு வருடம், அந்தப் பக்கம் அகழ்வுக்கு வந்த ஒரு பல்கலைக்கழகக் குழு, கிடைத்த ஓடுகளைக் கழுவப் பெண்கள் தேவை என்றது. இரண்டு கிழமைக்கென்று போன டொறத்தி எட்டு வருடம் போனார். கழுவினார், பிரித்தார், ஒவ்வொரு துண்டின் மூலையிலும் எறும்பளவு எழுத்தில் குழி இலக்கம் எழுதினார். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கலியாண வீட்டில் தேநீர் குடித்து முடித்ததும் கோப்பை வைத்த பீரிசைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். மகள் மெலனிக்கு அது பெரிய வெட்கம். “பூவைப் பார்த்து என்ன செய்ய? அடியிலதான் விசயம் இருக்கு” என்பது அவர் பதில்.

மண்ணுக்கு ஓடுகளைக் கொண்டு வயது சொல்லும் முறையை, அவர் கதையைக் கேட்டு எழுதப் போன எனக்கு ஒரு சோற்றுப்பானையை வைத்தே விளக்கினார். அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஓட்டுமேடு என்று ஒரு திடல். அங்கே மேல்மண்ணில் நீலப்பூப் பீங்கான். அதற்குக் கீழே பச்சை மெருகுச் சீனத் துண்டுகள். அதற்கும் கீழே அரபு நாட்டுச் சாடிகள். அடிமண்ணில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சட்டிகள். அடிமண்ணுக்கு இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது. “ஒரு அடுக்கில கடைசியா வந்தது எதுவோ, அதுக்குப் பிறகுதான் அந்த மண் மூடியிருக்கும். அதால, ஒரு புதுத் துண்டை நீங்க அடிமண்ணுக்க போட்டீங்களெண்டா முழு மேடும் நேத்துப் பிறந்ததாப் போகும்.”

அப்படித்தான் நடந்தது.

2018இல் ஒரு ஹோட்டல் கம்பனி ஓட்டுமேட்டையும் அதன் கீழுள்ள கரையையும் கேட்டது. அந்தக் கரையில்தான் பஸ்தியான் ஆட்கள் வலை வளைத்து இழுக்கும் கரைவலைப்பாடு இருந்தது. பழங்காலத்ததென்றால் கட்ட அனுமதி கிடைக்காது. மேடு எந்தக் காலத்தது என்று அறிய, கம்பனி தானே ஒரு ஆய்வுக்குழுவை அமர்த்தியது. குழுவின் தலைவர் சிலாபம் பக்கத்து இளைஞர், றொகான். பட்டம் பெற்றவர். மூன்று குழி வெட்டினார்கள்; மூன்றிலும் அந்த அடுக்குகளெல்லாம் வந்தன. கழுவ டொறத்தியைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் குழியின் ஓரத்தில் யாரோ முன்னொரு காலம் தென்னம்பிள்ளை நட வெட்டிய குழி ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. அதற்குள் பிறகு விழுந்து நிரம்பிய மண்ணிலிருந்து, அண்மைக்காலப் பீங்கான் கம்பனி ஒன்றின் முத்திரையோடு ஒரு பீரிஸ் துண்டு வந்தது. டொறத்தி அதில் ‘3’ என்று எழுதி, தென்னங்குழியில் எடுத்தது என்று தெரிய பக்கத்தில் ‘தெ’ என்றும் எழுதி வைத்தார்.

அறிக்கையை நான் வாசித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். பச்சை மெருகுத் துண்டு பற்றி ஒரு வரி இல்லை. கறுப்பு சிவப்புச் சட்டி பற்றி ஒரு வரி இல்லை. பதினேழாம் பக்கத்தில் அந்தப் பீரிஸ் துண்டின் படம். கீழே, ‘மூன்றாம் குழி, அடிமண்’. அறுபது வருடத்துக்கு முன் இங்கே மனித நடமாட்டமே இருக்கவில்லை, ஆகவே கரைவலைப்பாடும் அண்மைய ஆக்கிரமிப்பு என்று முடித்திருந்தார்கள். நான்கு தலைமுறையாக வலை இழுக்கும் மனிதர்களை ஆக்கிரமிப்பாளர் ஆக்க ஒரு பீரிஸ் துண்டு போதுமாயிருந்தது.

பாடசாலை மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். படம் பெரிதாகத் திரையில் விழுந்தபோது பின்வரிசையிலிருந்து டொறத்தி எழுந்தார்.

“தம்பி, அதில இருக்கிறது என்ட எழுத்து. மூண்டு, பக்கத்தில தெ. தெ எண்டா தென்னங்குழி. அடிமண்ணெண்டு ஆர் சொன்னது?”

றொகான் திரையைப் பார்க்கவில்லை. “அக்கா, நீங்க கழுவத்தானே வந்தீங்க.”

“ஓம். கழுவினதால சொல்லுறன்.”

முன்வரிசையில் இருந்த கம்பனி ஆள் திரும்பினார். “எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சீங்க, அம்மா?”

“எட்டு. என்ட எழுத்தை நான் வாசிக்க அது காணும்.”

திரையை அணைத்தார்கள். தேநீரும் கேக்கும் வந்தன. கூட்டக் குறிப்பில் ‘ஊரவர் தமது கருத்துகளைத் தெரிவித்தனர்’ என்று ஒரு வரி இருந்தது. டொறத்தி தொல்பொருள் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: கவனிக்கப்படும். அதற்கிடையில் மண்வாரும் பெக்கோ வந்து மேட்டில் பாதியை வாரிவிட்டிருந்தது. கழுவி, பிரித்து, இலக்கமிட்ட ஏழு சாக்கு ஓடுகளையும் லொறி புதையாமலிருக்கப் பாதையில் கொட்டி மிதித்திருந்தார்கள். கம்பி வேலி வந்தது. பஸ்தியான் ஆட்கள் இப்போது இரண்டு மைல் வடக்கே, வலையைக் கிழிக்கும் கல்லுக் கரையில் இழுக்கிறார்கள்.

“பொய் சொன்னது கூடப் பரவாயில்ல” என்றார் டொறத்தி என்னிடம். “என்ட கையெழுத்தை வச்சுச் சொன்னானே.” அடுத்த துண்டை எடுத்துத் தேய்த்தார்.

நான் டொறத்தி வீட்டில் இருந்த அன்றே றொகானின் ஜீப் வளவுக்குள் வந்தது. எலுவன்குளம் பக்கம் அவருக்குப் புதிய வேலையாம். இறங்கி, கதிரை கொடுக்கப்படாததைக் கவனியாதவர்போல நின்றார்.

“அக்கா, பழசெல்லாம் விடுங்க. உங்கட கை எனக்கு வேணும். வேற ஆக்களுக்கு இது வராது.”

“கை வரும், தம்பி. கண்ணும் வாயும் அதோடயே வரும். மூண்டையும் கூப்பிடுறீங்களா?”

அவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். பிறகு வருவதாகச் சொன்னார். ஜீப் பின்னுக்கு எடுத்து, வளைந்து, வேலிப் படலை தாண்டிப் போனது.

டொறத்தி ஈர்க்குமாறை எடுத்தார். மணலில் பதிந்திருந்த ஜீப்பின் சில்லுத் தடத்தை வீட்டு வாசலிலிருந்து கூட்டத் தொடங்கி, ஒரு கோடும் மிஞ்சாமல், படலை தாண்டித் தார் றோட்டு விளிம்பு வரை கூட்டிக்கொண்டே போனார்.