முந்நூற்று எட்டு என்று ஒட்டிய பெட்டி

என் அப்பா துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். ஆனாலும் ஊர் அவரை அளவுகோல் என்றுதான் கூப்பிட்டது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தடிமன் அளக்கும் காலிப்பர் இருக்கும். ரொட்டித் துண்டைக்கூட அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்பது அம்மாவின் புகார். அது மிகை. இரண்டு தடவைதான் அளந்தார்.

அவருக்கு ஒரே எதிரி, தோட்டாப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் பெயர்கள். 303 என்று ஒரு தோட்டா. அதன் நுனியில் இருக்கும் குண்டின் தடிமனை அளந்தால், ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 311 பங்கு. 270 என்பதை அளந்தால் 277. 30-30 என்பதில் முதல் முப்பது குழாயின் அளவு, அடுத்த முப்பது அந்தக் காலத்தில் போட்ட வெடிமருந்தின் எடை. 30-06 என்பதில் ஆறு எடையும் இல்லை, நீளமும் இல்லை. அது பிறந்த வருஷம், 1906.

"பொறந்த வருஷத்தையெல்லாம் பேர்ல போடறானுங்க. அப்படியே ரத்த வகையையும் போட்டுத் தொலைச்சிருக்கலாம்" என்பார், வாங்க வந்தவரிடம். வந்தவரோ, அப்பா எப்போது பெட்டியைக் கையில் கொடுப்பார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பா லேசில் கொடுக்கமாட்டார். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, குழாயில் பொறித்திருப்பதைப் படித்த பிறகுதான் அலமாரியைத் திறப்பார்.

அப்படியே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் வியாபாரம் மந்தமாக இருந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. "இனிமே என் கடையில பொய்ப் பேர் கிடையாது" என்றார். ஒவ்வொரு வகையிலும் ஒரு குண்டை அளந்தார். பெட்டியில் அச்சிட்ட பெயரின் மேலேயே வெள்ளைத் தாளை ஒட்டி, உண்மை அளவைக் கொட்டை எழுத்தில் எழுதினார். 303 மறைந்து 311 வந்தது. 270 மறைந்து 277 வந்தது. குண்டின் தடிமன் ஒன்றாக இருந்ததால், நீளத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வகைகளுக்கும் 308 என்றே வந்தது. அளவு சரியாக இருந்ததால் அவருக்கு அதில் குறை தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பழைய துப்பாக்கி ஒன்று வாங்கினார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாரம் முழுக்க அடுத்தவர் பிரேக்குக்குப் பயந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு காகித வட்டத்தையாவது சுட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்பா பொறுப்பேற்ற பிறகுதான் இறங்கி வந்தாள்.

"உங்கள நம்பித்தான் விடறேன். அவன் கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள்.

மாமாவின் துப்பாக்கிக்கு வேண்டியது அந்த நான்கில் ஒன்றான 30-06. அப்பா அவருக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். "மாப்ள, முப்பது ஆறுன்னு இனி சொல்லாத. 308னு அளவச் சொல்லிக் கேளு." மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஒரு ஞாயிறு மதியம் அப்பாவும் நானும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினோம். அதுவரை அம்மா கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"தம்பி வந்தான். 308 கேட்டான். எடுத்துக் குடுத்தேன்."

"எந்தத் தட்டுல?"

"கீழ்த் தட்டுல. ஏன், விலை வேறயா?"

கீழ்த் தட்டில் இருந்தது 308களில் குட்டை ரகம். மாமாவின் துப்பாக்கிக்கு வேண்டியதைவிட அரை அங்குலம் குறைவு. உள்ளே போய் லொடலொடவென்று உட்காரும், வெடிக்கவும் செய்யும், ஆனால் எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அப்பா அம்மாவை விட்டு என் பக்கம் திரும்பினார். "வண்டிய எடு" என்றார் என்னிடம். காலிப்பர் மேசையிலேயே கிடந்தது.

சுடும் மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. எனக்குப் பயம். அதைவிட அவர்மேல் கோபம்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து ஈரக் கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்திருந்தார். காலடியில் ஒரே ஒரு தோட்டாக் கூடு, பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது. அப்பா அவர் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார்.

"இது எத்தன?"

"மூணு. கன்னந்தான் சுட்டுடுச்சு மச்சான், கண்ணு நல்லாத் தெரியுது. நீங்க சொன்ன மாதிரி அளவச் சொல்லித்தான் கேட்டேன்."

"அளவு சரிதான்டா" என்றார் அப்பா. "அளவு சரிதான்." பிறகு புல்தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா கையாலதான் குடுத்தா. அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா மச்சான்."

வீட்டில் அம்மா கன்னத்தைப் பார்த்துவிட்டாள். டீ போடும்போது ஆவி அடித்துவிட்டதாக மாமா சொன்னார். அவள் தம்பியை நம்பாமல் அப்பா பக்கம் திரும்பினாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவள் நினைத்திருந்தது அவரை ஒருவரைத்தான்.

"நிஜமாவா?"

"ஆமா" என்றார். "ஆவிதான்."

மறுநாள் காலையிலேயே வெந்நீரும் பிளேடுமாக உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகச் சுரண்டத் தொடங்கினார். 311க்கு அடியிலிருந்து 303 வெளியே வந்தது. டீ கொண்டுவந்த அம்மாவுக்கு மனசே கேட்கவில்லை.

"எதுக்குங்க இத எடுக்கறீங்க? எவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க! இது இருந்ததாலதான தம்பிக்கு நானே எடுத்துக் குடுக்க முடிஞ்சுது."

அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"பசை சரியில்ல" என்றார்.