குடைத்தூளும் சாதிக் பாயும்

தேரடித் தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். விடுதிச் சமையல்காரர் சைக்கிளை நிறுத்தி, "நம்ம சாதிக் பாய் தவறிட்டாருங்க" என்றார். கீரைக்கட்டை அப்படியே கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செங்கம் ரோட்டில் இருந்த அந்த விடுதிக்கு அவர் மேலாளர். நான் வரவேற்பில் வேலை பார்த்தேன். அங்கே நீச்சல் குளம் கட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. கோயில் குளத்தைத் தவிர வேறென்ன கண்டோம்! தண்ணீரில் குளோரின் கலப்பது பாயின் பொறுப்பு. குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். அதைக் காப்பாற்றச் சென்னையிலிருந்து இன்னொரு தூள் வரும். பாய் அதற்குக் 'குடைத்தூள்' என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர்தான் வினையாகப் போனது. கத்திரி தொடங்கியதும், "வெயிலு ஜாஸ்தின்னா குடையும் ஜாஸ்தி வேணாமா?" என்று வாராவாரம் கொட்டினார். குளோரின் தீர்ந்துபோகும், குடைத்தூள் போகாது, தண்ணீரிலேயே சேரும். அளவு மீறினால் குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சோதித்தால் குளோரின் இருப்பதாகவே காட்டும், கிருமி மட்டும் சாகாது. நீச்சல் பழகிய பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வைத்தது. என் மகள் கயல்விழி வலியில் துடித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "என்னா பாய், எந்தப் பாழாப்போன மருந்த கொட்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

பாய் நேரே அலுவலக அறைக்குப் போனார். மருந்து விற்ற சென்னைக் கடைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். "தப்பு என்னுதுதாம்மா. குடை பெருசாயிடுச்சு, குளோரினு வெளியவே வர்ல. பாதித் தண்ணிய எறச்சிட்டுப் புதுசா ஊத்தணும்."

கிணறுகள் வறண்ட கோடை அது. முதலாளி குதித்தார். "தண்ணிக்கு எங்கய்யா போறது? குளோரின இன்னும் ரெண்டு பங்கு ஊத்து!"

"ரெண்டு நாளு தாங்கும், அவ்ளோதாங்க. இந்தத் தண்ணியில பசங்கள எறக்க மாட்டேன். வேற ஆள வெச்சுக்குங்க" என்று சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார் பாய். முதலாளி சாவிக்கொத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு லாரித் தண்ணீருக்குச் சம்மதித்தார்.

குளத்தை மறுபடி திறந்த அன்று பிள்ளைகள் கரையில் நின்றார்கள். எனக்குப் பயம் விடவில்லை. கயலின் கையை இறுகப் பிடித்திருந்தேன். பாய் அதைப் பார்த்தார். நீந்தத் தெரியாத மனிதர், கைலியோடு ஏணியைப் பிடித்துக் கழுத்துவரை இறங்கினார்.

"ஐயோ, நீங்க எதுக்கு பாய்?"

"எம்மேல நம்பிக்க போயிடுச்சில்ல? அதான் மொதல்ல நானு." மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போட்டு எழுந்தார். தாடியெல்லாம் நீர் சொட்டியது. "இப்ப அனுப்பும்மா."

கயலின் கையை விட்டேன்.

அப்படி நம்பி விட இனி எனக்கு யார் இருக்கிறார்கள்? போய் வாருங்கள், பாய்.