வரைபடத்தில் நகராத புள்ளி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி பிறந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை இது நடந்தது. நாள், கிழமை, மழை எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைப்பது என் வெகுநாள் வழக்கம். அன்றைய பக்கத்தில் மட்டும் 'கனமழை' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை.

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். நான் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்ளும் முறை எனக்கே அலுத்துவிட்டது. கையை விட்டு இறங்காத மொபைலையே பாடத்துக்குப் பயன்படுத்தலாமே என்று, பெருமழை நாளில் வீடு திரும்பிய கதைகளை நகரத்து மக்களிடம் கேட்டுப் பதிவுசெய்து வர அனுப்பினேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது என் போன் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். நடுவே அழைப்பு வந்து பதிவு கெடாமலிருக்க, பேச்சு தொடங்குமுன் பிளைட் மோடில் போட வேண்டும். இது என் கண்டிப்பான விதி.

மதியத்துக்குமேல் மழை வலுத்தது. உடனே வீட்டுக்குப் போங்கள் என்று குழுவில் செய்தி போட்டேன். ஒவ்வொரு புள்ளியாக வீடு சேர்ந்தது. பதிவுக்காகக் குர்லாவுக்குப் போன தாராவி மாணவியின் புள்ளி மட்டும் குர்லாவுக்கும் அவள் இறங்கவேண்டிய சயான் ஸ்டேஷனுக்கும் நடுவே, தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது.

ரயில் நின்றிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ரயில் நின்றால் நம் ஊர் ஜனங்கள் சும்மா உட்கார மாட்டார்கள். குதித்து இறங்கித் தண்டவாளத்திலேயே நடப்பார்கள். முழங்கால் தண்ணீரில் எங்கே பள்ளம், எங்கே சாக்கடை, யார் கண்டது? அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. திரும்பத் திரும்ப அதே குரல்.

அப்போது அவளுடைய அம்மா அழைத்தார். "டீச்சர், எம் புள்ள எங்க நிக்கா? உங்க போன்ல தெரியும்னு சொல்லிட்டுல்லா போனா?"

"குர்லா தாண்டிட்டாம்மா" என்றேன். தண்டவாளம் என்ற சொல் வாயில் வரவில்லை.

"அப்ப சரி. நீங்க பாத்துக்கிட்டு இருக்கியள்லா" என்று நிம்மதியாக வைத்துவிட்டார். நான் மறுபடி அவள் எண்ணை அழைத்தேன்.

இருட்டத் தொடங்கியபோது அந்தப் புள்ளி அசைந்தது. உடனே அழைத்தேன்.

"மிஸ், இப்பதான் சயான்ல இறங்குதேன். வண்டி நின்னுபோச்சு, லேடீஸ் பொட்டியில எல்லாரும் மாட்டிக்கிட்டோம். ஆளாளுக்கு ஒரு மழைக்கதை! விடாம ரெக்கார்ட் பண்ணேன்."

"எத்தனை தடவை கூப்பிட்டேன்! எனக்கு உயிரே போயிடுத்து."

"நீங்கதான மிஸ் பிளைட் மோடுல போடச் சொன்னிய? போடலன்னா மார்க்கக் குறைச்சிருப்பியள்லா?"

"முதல்ல அம்மாவுக்குப் போன் பண்ணு" என்றேன்.

மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் அவளையே மடக்குகிறார்: "எங்க கதையெல்லாம் கேட்டியே பாப்பா, உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குக்கா பயம்? எங்க மிஸ் மேப்புல என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாவ."

அவள் அதைச் சொன்ன நேரத்தில் என் கையில் இருந்ததெல்லாம், பிளைட் மோடில் போட்டதும் உறைந்துபோன, அசையாத ஒரு புள்ளிதான்.

இப்போதும் மாணவர்களை மொபைலோடு அனுப்புகிறேன். அந்த விதியை மட்டும் எடுத்துவிட்டேன். நல்ல பேச்சின் நடுவே அழைப்புமணி புகுந்து பதிவைக் கெடுக்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளையை யாரோ தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே கேட்கிறேன்.