நடிகர் இறங்கிய நாளின் செக்ரோல்

தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் இலங்கைக்கு வந்தபோது எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வாசலில் காரை நிறுத்தி இறங்கினார் என்பதற்கு என்னிடம் பதினொரு பேரின் சாட்சி இருக்கிறது. எல்லாவற்றையும் டயரியில் எழுதியிருக்கிறேன். கார் கறுப்பு என்பவர்கள் ஐந்து பேர், வெள்ளை என்பவர்கள் நான்கு பேர். ஒருவர் அது ஜீப் என்று சண்டைக்கு வருகிறார். மிச்சமிருப்பவர் அன்றைக்குப் பிறந்திருக்கவே இல்லை. அவரும் கண்ணால் பார்த்தாராம்.

வருகிற தைப்பொங்கலுக்கு அந்த வாசலில் தோட்டத்துச் சங்கத்தார் நினைவுக் கல் நடப் போகிறார்கள். நடிகருக்குப் பிளேன்டீ கொடுத்தவர் என்று என் சித்தப்பாவின் பெயரும் அதில் வர வேண்டுமாம். இரண்டு தரம் மாரடைப்பு வந்த மனிதர். "கல்லுல பேரப் பாத்துட்டா போதும்டா" என்கிறார்.

"தோட்டத்து ஆபீஸ்ல இருக்கிறவர் நீங்க. நடந்தது உண்மைன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா சரி, ஐயா" என்றார் சங்கச் செயலாளர்.

விசாரிக்காமல் கையெழுத்துப் போட எனக்கு வராது. தெரணியகலை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நடிகர் காரருகே நிற்கும் படம் இருக்கிறது. இடம் தெரியவில்லை, பின்னால் தேதி மட்டும் இருந்தது, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். என் அப்பா அப்போது ரப்பர் மலைக்குக் கணக்கப்பிள்ளை. ஆட்களுக்குப் பேர் போடும், அதாவது நாள் வேலையையும் பாலின் அளவையும் பதியும், அவருடைய செக்ரோல் புத்தகங்கள் என் அலமாரியில் வருஷவாரியாக இருக்கின்றன. அந்தத் தேதியைப் பிரித்தேன். சித்தப்பா உட்பட இருபத்திரண்டு பேருக்கும் முழுப் பேர், முழுநாள் வேலை.

புத்தகத்தோடு போனேன்.

"சித்தப்பா, அன்னைக்கு நீங்க மலையில பால் வெட்டியிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"அப்பா எழுதியிருக்காரு."

சித்தப்பா இருமும்வரை சிரித்தார். "அண்ணன் எங்கடா மலையில இருந்தாரு? ஸ்டோர் வாசல்ல எனக்கு முன்னுக்கு நின்னு மறைச்சதே அவர்தான். திரும்பி வந்து மரத்துச் சிரட்டையில இருந்த பாலையெல்லாம் வழிச்சு ஒண்ணா ஊத்தினோம். அண்ணன் அதை ஆளுக்குச் சமமாப் பிரிச்சுப் புத்தகத்துல போட்டுட்டாரு. தான் வந்ததை மட்டும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

சின்ன வயதில், அன்றன்றைக்கு எழுதாமல் மறுநாள் எழுதினேன் என்பதற்காக என் டயரிப் பக்கத்தைக் கிழிக்கவைத்த அப்பா! வீட்டுக்கு வந்து பாலின் அளவைப் பார்த்தேன். மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு அளவு. அன்றைக்கு மட்டும் இருபத்திரண்டு பேருக்கும் ஒரே அளவு. எந்த மரமும் அப்படிப் பால் கொடுக்காது. இத்தனை வருஷம் அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டி வைத்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

கையெழுத்துப் போட்டேன். மேலே, "ஆதாரம்: அன்றைய செக்ரோல். அதில் எழுதியிருப்பது உண்மையல்ல" என்று எழுதினேன்.

செயலாளர் இரண்டு தரம் வாசித்தார். "இதைக் கல்லுல போட ஏலாதே, ஐயா."

"கல்லுல வேணாம். ஃபைல்ல வைங்க."

சாயந்தரம் சித்தப்பா எனக்குப் போன் எடுத்தார். "டேய், அண்ணன் பேரையும் போடச் சொல்லு. அந்தப் பிளேன்டீய வாங்கிக்கிட்டு வந்து என் கையில குடுத்ததே அவர்தான்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சத்தியம் இருந்திச்சே. இப்பதான் உடைஞ்சிருச்சே."

கல்லில் பாதி எழுத்து வெட்டியாகிவிட்டது. மறுநாள் லீவு போட்டு, ருவான்வெல்லைக்குப் பஸ் ஏறி, கல் வெட்டுகிறவரிடம் அடிமட்டம் வாங்கி அளந்தேன். சித்தப்பாவின் பெயருக்கு மேலே இரண்டே கால் அங்குலம் இருந்தது. ஒரு வரிக்குப் போதும்.