சைக்கிள் அம்மணிகளைப் படமெடுத்த கதை

போட்டோ எடுக்கற தொழில்ல கேமரா ஒண்ணும் கனமில்லீங்க, "எடுக்கட்டுங்களா?"ன்னு வாயைத் திறந்து கேக்கறதுதான் கனம். கல்யாண ஊட்டுல மாப்பிள்ளையோட மோவாயைப் புடிச்சுத் திருப்பி வெச்சே எடுத்துப்போடலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. என்னையாட்ட சைக்கிள் கூட்டத்துல போய்ச் சிக்கின போட்டோக்காரிகளுக்குத்தான் இந்தப் பாடு தெரியும்.

ஆர்.எஸ்.புரத்துல ஞாயித்துக்கெழம விடியால பொம்பளைங்க மட்டும் கூட்டமாச் சைக்கிள்ல கெளம்பி பேரூர் வரைக்கும் போயிட்டு வர்றாங்க. நடத்தறது மகேஸ்வரியக்கா, பம்ப்செட் கம்பெனி வெச்சிருக்கறவங்க. உடுப்பு அவங்கவங்க இஷ்டம்னு அக்கா ஒரு சட்டம் போட்டிருக்குது. சேலையோ, சுடிதாரோ, அரை டிராயரோ, யாரும் யாரையும் ஏற எறங்கப் பாக்கக்கூடாது. கேக்காம யாரையும் படமெடுக்கக்கூடாதுன்னு இன்னொண்ணு. அது கூடவே போய்ப் படமெடுக்கற எனக்குன்னே போட்டது.

பல்லு வெளக்கின அண்ணன்

நாங்க சட்டம் போட்டா ரோட்டுல நிக்கறவன் கேப்பானுங்களா? ஒரு டீக்கடைக்கிட்ட ஒரு அண்ணன், வாயில பிரஷ்ஷு, மடிச்சுக் கட்டின லுங்கி, ஒரு கையில செல்போன். வர்ற பொண்ணுகளை வரிசையா வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாரு. "எதுக்குங்க எடுக்கறீங்க?"ன்னேன். "ரோட்டுல போறதத்தானுங்க எடுக்கறேன், உங்க ஊட்டுக்குள்ள வந்தா எடுத்தேன்?"னு நுரையோட சொன்னாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிப்போச்சு. பெரிய லென்ஸை அவரு பக்கம் திருப்பி படபடன்னு நாலு அமுத்து அமுத்துனேன். மனுசன் லுங்கியை எறக்கி விட்டுக்கிட்டு, நுரையை முழுங்கிப்போட்டு அலறுனாரு: "ஏனுங்க, என்னைய எதுக்குங்க எடுக்கறீங்க? ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா?"

சேலை கட்டின டீச்சர்

அரை டிராயர் போட்டவங்களைத்தான் கேக்கோணும், சேலை கட்டினவங்களை என்னத்த கேக்கறதுன்னு ஆரம்பத்துல நெனச்சுக்கிட்டிருந்தேன். ரிட்டையரான டீச்சரம்மா ஒருத்தங்க, கொசுவத்தைத் தூக்கிச் செருவிக்கிட்டு மேட்டுல தம் கட்டி மிதிச்சுக்கிட்டு வந்தாங்க. அழகா இருந்துச்சு, எடுத்துப்போட்டேன்.

டீச்சர் எறங்கி, ஸ்டாண்டு போட்டு, வேர்வையைத் தொடச்சுப்போட்டுக் கிட்ட வந்தாங்க. திட்டெல்லாம் இல்ல, கொரலு கூட ஒசரல. "ஏனுங்க அம்மணி, டிராயர் போட்டவங்களுக்கு மட்டுந்தான் கூச்சம் இருக்கும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

பரிமளா சொன்ன சேரிங்க

பரிமளா சென்னிமலைப் பொண்ணு. கல்யாணமாகி இங்க வந்து, மாமனாரோட பெட்ஷீட் கடையில கல்லாவுல ஒக்காந்திருக்கறாங்க. ஊட்டுல இருந்து சுடிதார்ல வந்து, அக்கா ஊட்டுல அரை டிராயருக்கு மாறித்தான் வண்டியேறுவாங்க. சைக்கிள் ஓட்டறது மாமனாருக்குத் தெரியும், டிராயர் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கோட சைக்கிளுக்குப் பூட்டுதான்னு அவங்களே எங்கிட்டச் சொல்லியிருக்காங்க.

ஒரு நாள் கெளம்பறப்பவே "எடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டேன். "சேரிங்க"ன்னாங்க. ஒரு எறக்கத்துல ரெண்டு கையையும் விட்டுப்போட்டு, வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க பாருங்க! அந்த வருசத்துல நான் எடுத்ததுலயே அதுதான் படம். மகேஸ்வரியக்கா பாத்த ஒடனே, "இதைத்தான் ஃப்ளெக்ஸ்ல போடறோம், ரோட்டு முக்குல பெருசா வெக்கறோம்"னு குதிச்சாங்க. "வெக்கலாமுங்களா?"ன்னு பரிமளாவைக் கேட்டேன். "சேரிங்க, உங்க இஷ்டம்"னாங்க. சொல்றப்பவே அவங்க மொகம் சுண்டிப்போச்சு. "அவளே சேரின்னுட்டா, உனக்கென்னடி நோவுது?"ன்னாங்க அக்கா.

எனக்கு நொந்துதான் போச்சுங்க. நம்மூருல மொகத்துக்கு நேரா வேண்டாம்னு யாருங்க சொல்றோம்? பத்திரிகை வெச்சா "வந்தர்றேனுங்க"ம்போம், போகமாட்டோம். நடத்தற அக்காவும், கேமராவைத் தூக்கிக்கிட்டு நானும் எதுத்தாப்புல நின்னு அத்தன மரியாதையாக் கேட்டா, அந்தப் பொண்ணு வேறென்ன சொல்லும்? பரிமளாவைத் தனியாக் கூப்புட்டு, கேள்வியைத் திருப்பிப்போட்டேன். "இந்தப் படத்தைப் போடாம அழிச்சுப்போடட்டுங்களா?"

"சேரிங்க"ன்னாங்க. இந்தத் தடவ அதுல மூச்சு இருந்துச்சு. அழிக்கறதுக்கு முன்னால ஒருக்கா காட்டச் சொல்லி, கேமராத் திரையில அவங்க சிரிப்பையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்பறம் அவங்களே பட்டனை அமுத்துனாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது, அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கூட, வேண்டாம்னு சொல்லிக்கறாப்புல யாரும் கேக்கலீங்க"ன்னாங்க.

படமெடுக்க ஆறு மாசத்துல கத்துக்கிட்டேன், கேக்கறதுக்கு இப்பத்தான் கத்துக்கிட்டேன், இந்த ரெண்டாவது வேலைக்கு எந்த ஊட்டுலயும் கூலி மட்டும் தர்றதில்லீங்க.