முரடனும் மூன்றரை அங்குல பிட்டும்

கதவு செய்யும் அவனை எல்லோரும் காதுபடவே முரடன் என்றார்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை, கோபித்தால் பெயர் உறுதியாகிவிடும். நாற்பத்தாறு வயதுக்குள் மூன்று பேரின் பற்களையும் ஒருவனின் தோள்மூட்டையும் கழற்றியிருந்தான். கடைசியாக மரக்கடையில் சுமை ஏற்றுபவனை அடித்துவிட்டு வந்த அன்று அக்காள் வாசலிலேயே மறித்தாள்.

"இன்னொரு தடவ யார்மேலயாவது கை வச்சே, இந்தப் பட்டறைப் படிய மிதிக்காத."

பட்டறை அவளுடையது, மாடியில் வீடு, கீழே வேலை. முரடனுக்கு வேறு போக்கிடம் இல்லை. பதினான்கு மாதமாகக் கையை அடக்கியே வைத்திருந்தான்.

அதற்கு முன்பும் அவன் அடங்கி நடந்தது ஒன்றிடம் மட்டுமே. கதவின் நடுப்பலகைக்கு ஓரம் சரிக்கும் பெரிய ரூட்டர் பிட் அது, மரம் சீவும் இயந்திரத்தில் சுழலும் வெட்டலகு. மூன்றரை அங்குல அகலம். கையில் பிடிக்கும் ரூட்டரில் அதை மாட்டவே மாட்டான். மேசைக்கடியில் பொருத்திய பெரிய ரூட்டரில் மாட்டி, வேகத்தைப் பத்தாயிரம் சுற்றுக்கு இறக்கி, ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய ஆழத்தை நான்கு தடவையாகச் சீவுவான்.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு பவ்யமா நிக்கமாட்டியே மச்சான்" என்பார் அக்காள் கணவர்.

"பொண்ணு கையத் துண்டாக்காது அத்தான்."

"உங்க அக்காவ உனக்குச் சரியாத் தெரியல."

ஒருநாள் முரடன் கொல்லைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சீவிய ஓரம் சொரசொரப்பாக இருப்பதைக் கண்ட அத்தான் வேகத்தை இருபத்திரண்டாயிரத்துக்கு ஏற்றினார். சின்ன பிட்டுக்கு அது சரிப்படும். பெரிய பிட்டின் விளிம்போ அந்த வேகத்தில் வெறிபிடித்துவிடும். அதோடு நிற்கவில்லை. ஓரம் சற்றுத் தடிமனாகத் தோன்றவே, வழிகாட்டிக் கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, கட்டைக்கும் பிட்டுக்கும் இடையே பலகையைச் செலுத்தினார். அப்படிச் செலுத்தினால் பிட் பலகையை எதிர்க்காது, பிடுங்கி எறியும்.

இயந்திரத்தின் ஊளை மாறியதைக் கேட்டு முரடன் ஓடிவந்தான். அந்த இரைச்சலில் கத்துவதில் பயனில்லை. ஓடும் பிட்டின் முன் நிற்பவரைத் தொடவும் கூடாது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பிட் உடனே நிற்கவில்லை. பலகை திமிறி, அத்தானின் நடுவிரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டு, ஈட்டியாகப் பறந்து எதிரிலிருந்த ஒட்டுப்பலகைத் தடுப்பில் பாதிவரை செருகி நின்றது.

நகம் போன விரலை உதறிக்கொண்டே அத்தான் சீறினார்.

"எவன்டா பிளக்கப் புடுங்கச் சொன்னது? அதனாலதான்டா பலகை திமிறிச்சு!"

கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை எடுத்து முரடனின் தோளில் இறக்கினார். பல்லைக் கடித்துப் பொறுத்தான். இரண்டாவது அடி காதோரம் விழுந்து தோலைக் கிழித்தது. பதினான்கு மாதமும் ஒரே குத்தில் கரைந்தன. மூக்கெலும்பு நொறுங்கும் ஓசை இருவருக்கும் கேட்டது. மரத்தூளில் மல்லாந்த அத்தானைச் சட்டையோடு இழுத்துப்போய்த் தடுப்பில் முகத்தை அழுத்தினான்.

"இங்க தினமும் யாரு உக்காந்து உப்புத்தாள் போடுறா? பாருங்க அத்தான். நல்லாப் பாருங்க."

அத்தான் பார்த்தார். செருகிய பலகைக்குக் கீழே மனைவியின் முக்காலி காலியாகக் கிடந்தது.

தொலைபேசி அடித்ததால் ஐந்து நிமிடத்துக்கு முன் மாடிக்குப் போயிருந்த அக்காள் இறங்கி வந்தபோது, அவள் கணவர் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். தம்பி உளிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நேரே தன் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். செருகிய பலகை அவள் காதுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிய பிளக் தரையில் கிடந்தது, கணவரின் நடுவிரலில் நகம் இல்லை. எழுந்து வந்து கணவரை அறைந்தாள். துண்டு தெறித்து ரத்தம் சிதறியது. திரும்பித் தம்பியையும் அறைந்தாள்.

"எனக்கு எதுக்குக்கா?"

"ஒடஞ்சது என் புருஷன் மூக்கு."

"சரி, நான் கிளம்புறேன்."

"எங்க கிளம்புற? நீ போய்ட்டா நாளைக்கே இவரு அந்த மெஷின மறுபடி ஓட்டுவாரு. அப்ப பிளக்க யாரு, நம்ம அப்பனா வந்து புடுங்குவாரு?"

பையைப் பறித்து உளிகளை மேசைமேல் கொட்டினாள்.

"மொதல்ல இவர டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

முரடன் வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஏறிய அத்தான், அவன் இடுப்பைப் பிடிக்கலாமா என்று தெருமுனை வரை யோசித்தார். திருப்பத்தில் வண்டி சாய்ந்ததும் பிடித்துக்கொண்டார்.