கெசியா ஒன்பது நாள் கிடந்தாள்

ஓசெல்லா கோழி ஆலையில் கொல்லும் வரிசையில் நின்றவள். தலைகீழாகத் தொங்கி வரும் கோழிகளில் இயந்திரக் கத்தி தவறவிட்டதையெல்லாம் அவள் கையால் அறுப்பாள். நான் அடுத்த அறையில் குடல் எடுப்பவள். பதினோரு வருஷம் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தோம். அவளுக்கு ஒரு காலத்தில் கணவன் இருந்தான். படிக்கட்டிலிருந்து அவளைத் தள்ளிவிட்ட அன்று இரும்பு வாணலியால் அவன் முழங்காலை உடைத்தாள். அவன் நொண்டிக்கொண்டே ஆர்கன்சா பக்கம் போய்விட்டான்.

சனிக்கிழமைகளில் ரத்த வாடை போகக் குளித்துவிட்டு நூலகத்துக்குப் போவாள். பழைய மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளைப் படம் பிடித்த ஃபிலிம் சுருள்கள் அங்கே தபாலில் வரும். எங்கள் மிசௌரி மலைப்பக்கத்தில் பாதிப் பேர், நான் உட்பட, எல்கானா ப்ரூயிட் என்ற ஒரே ஆளின் வாரிசுகள். டென்னசியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவருடைய முதல் மனைவியையும் கைக்குழந்தையையும் செவ்விந்தியர்கள் கொன்றுவிட்டார்கள் என்ற கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். கொன்றவர்களைப் பற்றி எல்லாரும் விவரமாகச் சொல்வார்கள். செத்தவளின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரைத்தான் ஓசெல்லா தேடினாள்.

1840 ஏட்டில் வீட்டுத் தலைவனின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் கோடுகள். எல்கானாவின் பெயருக்கு நேரே, இளம் பெண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு. 1850 ஏட்டில்தான் எல்லாருக்கும் பெயர் எழுதினார்கள். அதில் அவருடைய நிலத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஓசெல்லா நாலு மாதம் பக்கம் பக்கமாகத் தேடினாள். கடைசியில் அவரைக் கண்டுபிடித்த இடம் மாநிலச் சிறை. எல்கானா ப்ரூயிட், வயது 38, கைதி. குற்றம், கொலை.

1850 ஜூனுக்கு முந்தைய ஒரு வருஷத்தில் செத்தவர்களைத் தனிப் பட்டியலாக எழுதியிருந்தார்கள். அந்தச் சுருளையும் வரவழைத்தாள். 1978 மே மாதம் அது வந்த அன்று நானும் கூட இருந்தேன்.

"நோவலீன், இங்க வா. சத்தமா படி. எனக்குக் கண்ணு சரியா தெரியலையோன்னு பாக்கறேன்" என்றாள்.

படித்தேன். கெசியா ப்ரூயிட், வயது 29, பிறந்தது டென்னசி, இறந்தது அக்டோபர். காரணம், அடி. படுக்கையில் கிடந்த நாட்கள், 9. அதற்குக் கீழே, ஆண் குழந்தை, இரண்டு மாதம். காரணம், அடி. நாட்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஒன்பது நாள்" என்றாள் ஓசெல்லா. "யாருடி அவளுக்குத் தண்ணி குடுத்திருப்பா?"

கெசியாவின் மூத்த மகள் மகலா, ஏழு வயது, அதே 1850 ஏட்டில் மாவு ஆலைக்காரர் ஒருவர் வீட்டில் ஒண்டியிருந்தாள். ஓசெல்லா அவள் வழி வந்தவள். சிறையிலிருந்து திரும்பிய எல்கானா வேறொருத்தியைக் கட்டி ஒன்பது பிள்ளை பெற்றார். நானும் வெர்லினும் அந்த வழி.

வெர்லின் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தான். குடும்பச் சங்கத்துக்கும் அவன்தான் தலைவர். ஆகஸ்டில் நடக்கும் குடும்பக் கூட்டத்துக்காகக் கருங்கல்லில் ஒரு நினைவுக்கல் செதுக்கச் சொல்லியிருந்தான். செவ்விந்தியர் கதையும் அதில் இருந்தது. ஓசெல்லா அந்தப் பட்டியலில் இருந்ததை எழுதிவைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் ஆலைக்குப் போனாள்.

"நாப்பத்தொம்பதுல இந்தப் பக்கம் செவ்விந்தியருங்க, அந்த ஒசேஜ் ஆளுங்க, ஒருத்தர்கூட கிடையாது, வெர்லின். அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே அவங்கள வெரட்டிட்டாங்க. உன் தாத்தனுக்குத் தாத்தன் பண்ணத அவங்க தலையில எழுதாத."

"கோழி அறுக்கறவ எனக்குச் சரித்திரம் சொல்லித் தரியா? புருஷன் இல்லாதவளுக்கு எல்லா ஆம்பளையும் கொலைகாரனாத்தான் தெரிவான். போடி."

"போறேன். கல்லுல அத மாத்து."

மறுநாள் காலை அவள் நாய் தபால் பெட்டியில் கழுத்தறுபட்டுத் தொங்கியது. அதைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். அன்று அவளிடம் யாரும் பேசவில்லை.

கூட்டம் சர்ச்சுத் திடலில் நடந்தது. பொரித்த கோழியும் சோளமும் தர்ப்பூசணியும் பரப்பி வைத்திருந்தார்கள். கல்லின் மேல் போர்த்திய துணியை வெர்லின் இழுக்கப் போகும்போது ஓசெல்லா எழுந்து நின்று, ஏட்டில் இருந்ததை ஒரு சொல் கூட்டாமல் படித்தாள். "அடி" என்ற சொல்லுக்கு வந்தபோது வெர்லின் அவளை நெருங்கிவிட்டான். முதல் குத்து இடது கண்ணில். அவன் மோதிரம் உள்ளே போனது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். அவள் அவன் காலைப் பிடித்துக் கெண்டைச் சதையில் பல் பதியக் கடித்தாள். அவன் இன்னும் வெறியாக மிதித்தான். அறுபது பேர் நின்றிருந்தோம். ஐந்து உதை வரை நானும் அசையவில்லை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பிறகுதான் தேநீர்க் கண்ணாடிக் கூஜாவைத் தூக்கி அவன் தலையில் உடைத்தேன். ரத்தம் வழிய அவன் என் பக்கம் திரும்பினான்.

அவன் மனைவி லோரீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். குரல் உயரவே இல்லை.

"போதும் வெர்லின். மிச்சத்த வீட்டுக்கு வந்து வழக்கம்போல எனக்குக் குடு."

திடல் முழுக்கக் கேட்டது. அவன் கை தானாக இறங்கியது.

ஓசெல்லாவின் கண் போய்விட்டது. விலா எலும்பு மூன்று முறிந்தது. வெர்லினுக்கு ஏழு மாதம் சிறை. அதற்குள் லோரீன் கேன்சஸ் சிட்டியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நவம்பரில் யாரோ சம்மட்டியால் அந்தக் கல்லை நொறுக்கினார்கள். சம்மட்டி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

வெளியே வந்த வெர்லின் இரண்டு முறை ஓசெல்லாவின் ஜன்னல்களைச் சுட்டான். மூன்றாம் முறை வந்தபோது அவள் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காத்திருந்தாள். அவன் வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு குண்டும் இறங்கின. நீராவி சீறிக்கொண்டு வந்தது.

"ஒத்தக் கண்ணுடா எனக்கு. அடுத்தது எங்க படும்னு எனக்கே தெரியாது" என்றாள்.

அவன் நாலு மைல் நடந்து வீட்டுக்குப் போனான். அப்புறம் வரவில்லை.

ஆற்றுக் கல் ஒன்றில் கெசியாவின் பெயரை உளியால் வெட்டி, எல்கானாவின் கல்லறையிலிருந்து தள்ளி, வேலியோரமாக நட்டோம். குழந்தைக்குப் பெயர் கிடைக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் லோரீனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் அம்மா வழிப் பெண்களின் பெயர்களைத் தேடித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். ஓசெல்லாவுக்கு அரை மணி நேரத்திலேயே கண் வலித்துவிடும். அதனால் நூலகத்தில் சுருள் ஓட்டும் இயந்திரத்தின் கைப்பிடியை நான் சுற்றினேன். அவள் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

"மெதுவா சுத்துடி" என்றாள். "இந்தப் பக்கம் மை ரொம்ப மங்கல்."